மழைமாதத்துத் துவாய்கள்: மஸ்கெலியாப் பக்கத்துத் தங்குவிடுதி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பாதையில் உள்ள ஏழு அறைத் தங்குவிடுதி இது. ஒரு குடும்பம் நடத்துகிறது. வீட்டுக்காரர் பல வருடம் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை பார்த்தவர். வீட்டம்மா கணக்கையும் சமையலையும் பார்க்கிறார். அவருடைய தாயாரும் கூடவே இருக்கிறார். துவைப்பதற்கும் அறைகளைச் சுத்தம் செய்வதற்கும் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி வருகிறார். விடுதிகளின் பராமரிப்பு வேலையைச் சொல்லிக்கொடுப்பது என் தொழில் என்பதால் அந்தத் தங்கச்சிக்கு என்னை முன்பே தெரியும். அவர் மூலமாகத்தான் இந்த விஷயம் என்னிடம் வந்தது.

விடுதியின் முக்கிய வருமானம் சிவனொளிபாதமலைப் பருவத்தில். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு அது முடியும். ஆட்கள் இரவில் வந்து, நள்ளிரவு தாண்டி மலையேறி, காலையில் வியர்வையோடு இறங்கி, வெந்நீரில் குளித்துவிட்டு அறையைக் காலி செய்வார்கள். அன்று பின்னேரமே அடுத்த கூட்டம் வந்துவிடும். இந்த மாதங்களில் காலை வெயில் ஓரளவு கிடைக்கும், துவாய்களும் எப்படியோ காய்ந்துவிடும்.

பருவம் முடிகிற கையோடு தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஹட்டன், மஸ்கெலியா பகுதி மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் இருப்பதால் மே முதல் செப்டெம்பர் வரை மழை முழுவதையும் முன்னால் நின்று வாங்குகிறது. நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளை இங்கிருந்து அதிகத் தூரமில்லை. இதே மாதங்களில் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே விடுதி நடத்தும் உறவினர் சொல்லும் துவைப்பு யோசனை இங்கே பலிக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

முறைப்பாடும் அதுவரை செய்து பார்த்ததும்

2024 ஜூன் மாதம் தங்கிய ஒரு குடும்பம், குளித்த பிறகு முகம் துடைக்க முடியவில்லை என்று துவாய்களைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த வாரம் இன்னொருவர் அதையே சொன்னார். தங்கச்சி என்னிடம் சொன்னது இப்படி: “மிஸ், எவ்வளவு பவுடர் போட்டாலும் மடிக்கிறப்ப நல்லாத்தான் இருக்கு. வந்தவங்க மொகத்தத் தொடச்ச ஒடனே புளிச்ச வாடை அடிக்குது.”

காய்ந்திருக்கும்போது வாடை இல்லை, நனைந்ததும் வருகிறது. இந்த ஒரு தகவலே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது.

நான் போவதற்கு முன்பே அவர்கள் நிறையச் செய்திருந்தார்கள். சலவைத் தூளை இரண்டு மடங்காக்கினார்கள். வாசனைத் திரவம், துணியை மென்மையாக்கும் திரவம் இரண்டையும் கடைசி அலசலில் ஊற்றினார்கள். அலுமாரிக்குள் பூச்சி உருண்டை போட்டார்கள். ஒருநாள் அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலந்து ஊறவைத்தார்கள். நுரை நன்றாகப் பொங்கியதாம். பொங்கத்தான் செய்யும், ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீர்தான்.

கவலைப்படுத்தியது வேறொன்று. வினாகிரி ஊற்றிய அதே வாளியில் மறுநாள் குளோரின் வெளுப்பானையும் ஊற்றியிருக்கிறார்கள். வாளியை அலசியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சன்னல் சாத்திய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. முதல் நாளே இரண்டு போத்தல்களையும் வெவ்வேறு இடத்தில் வைக்கச் சொன்னேன். பூச்சி உருண்டையையும் எடுத்துவிட்டோம். அதிலுள்ள நப்தலீன், பிறவியிலேயே ஜீ6பீடீ என்ற நொதி குறைவாக உள்ள கைக்குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. யாருடைய பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று விடுதிக்காரருக்கு எப்படித் தெரியும்?

போய்ப் பார்த்தபோது

மொத்தம் 36 துவாய்கள். 24 தடித்த வெள்ளைத் துவாய்கள், ஐந்தாறு வருடப் பாவனையில் இருப்பவை. மிச்சம் 12 அதைவிடப் பழையவை, மெல்லியவை, ஓரத்தில் நீலக் கோடு போட்டவை. பழசு என்பதால் நாறுகிறது, புதிதாக வாங்கினால் சரியாகிவிடும் என்பது வீட்டம்மாவின் எண்ணம். ஒவ்வொரு துவாயின் ஒரு மூலையை வெந்நீரில் நனைத்து, பொலித்தீன் பைக்குள் அரை மணித்தியாலம் கட்டிவைத்து, பிறகு முகர்ந்து பார்த்தோம். தடித்தவற்றில் ஏறத்தாழ எல்லாமே புளித்த வாடை அடித்தன. மெல்லிய பழைய துவாய்களில் பாதிக்கு மேல் சுத்தமாக இருந்தன. புதிது வாங்குகிற பேச்சு அத்தோடு நின்றது.

பிறகு, துவைத்து மடித்து வைத்திருந்த ஒரு தடித்த துவாயை எடுத்து, சவர்க்காரம் எதுவும் போடாமல் வெறும் சூடான தண்ணீரில் அமுக்கிப் பிழிந்தோம். நுரை வந்தது. முந்தைய துவைப்புகளின் தூள் இன்னும் துணிக்குள்ளேயே இருந்தது. இங்கே தண்ணீர் மலையூற்றிலிருந்து குழாயில் வருகிறது, மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் நுரை வரப் பாடுபட வேண்டும். இங்கே கொஞ்சம் போட்டாலே பொங்கும், அலசினாலும் இலேசில் போகாது. போதாததற்குத் தண்ணீர் குளிர். அந்தக் குளிரில் தூள் முழுதாகக் கரையாமல் இழைகளுக்கிடையில் தங்கிவிடுகிறது. இரண்டு மடங்கு தூள் போட்டது நிலைமையை மோசமாக்கியிருந்தது.

உலர்ந்த துவாயின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். நல்ல பருத்தித் துவாய் உடனே குடித்துவிடும். இதில் சொட்டு சற்று நேரம் முத்தாக நின்றுவிட்டுத்தான் உள்ளே இறங்கியது. மென்மையாக்கும் திரவம் இழைமேல் ஒரு மெல்லிய கொழுப்புப் பூச்சை விடும். ஆனால் இங்கே அது மட்டுமல்ல. வருகிறவர்கள் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பவர்கள். மலையிறங்கியதும் முழங்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் தைலம் தேய்ப்பவர்கள். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பதை மலையகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் போத்தலை அடுப்பங்கரையில் வைத்து உருக்கித்தான் தலைக்கு வைக்கிறோம். அதே எண்ணெய் துவாயில் இருக்கும்போது 17 பாகைத் தண்ணீரில் துவைத்தால் போய்விடும் என்று ஏன் நினைக்கிறோம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அது இழையோடு இறுகி உட்கார்ந்து, நாட்பட நாட்படக் காறலெடுக்கிறது.

கடைசியாக, சமையலறைத் தராசை எடுத்துவரச் சொன்னேன். நல்ல வெயிலில் காய்ந்த நாளில் 510 கிராம் நிறுக்கும் தடித்த துவாய், அலுமாரியிலிருந்து எடுத்தபோது 585 கிராம் காட்டியது. கைக்குக் காய்ந்ததாகத்தான் தெரிந்தது. குளிரில் ஈரத்துக்கும் குளிர்ச்சிக்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. அலுமாரியோ வெளிப்பக்கக் கருங்கல் சுவரோடு ஒட்டி நின்றது. பின்பலகையில் பூஞ்சணம்.

ஈரத்தின் கணக்கு

வாடை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் உண்டு. ஈரமாகக் காயும் துணிகளின் புளித்த வாடையை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர்கள், மொராக்செல்லா ஒஸ்லோஎன்சிஸ் என்ற பக்டீரியாவே அதற்கு முக்கிய காரணம் என்று 2012இல் வெளியிட்டார்கள். மனித உடம்பிலிருந்து துணிக்கு வரும் அது, துணியில் தங்கும் வியர்வை, தோல் எண்ணெய் போன்றவற்றைத் தின்று 4-மெத்தில்-3-எக்சீனோயிக் அமிலம் என்ற பொருளை உண்டாக்குகிறது. அதுதான் நாம் முகர்வது. இந்தப் பக்டீரியா உலர்வையும் புறவூதாக் கதிரையும் ஓரளவு தாங்கும். அதனால், ஒரு நாள் வெயில் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பது பயனில்லை. உலர்ந்த துவாயில் அது சும்மா இருக்கும். நனைந்ததும் மறுபடி வேலையைத் தொடங்கும். உணவு வேண்டும், ஈரம் வேண்டும், நேரம் வேண்டும். இந்த வீட்டில் மூன்றும் தாராளமாகக் கிடைத்தன.

துவாய்கள் காய்ந்த இடம் பின்பக்கத்தில் சன்னல் சாத்திய ஓர் அறை. மழைச்சாரல் வருமென்று சாத்தியிருந்தார்கள். வீட்டுக்காரர் “அறைக்குள்ளதான மிஸ் போடுறோம், மழை படலியே” என்றார். அவருக்காக ஒரு தாளில் கணக்குப் போட்டேன்.

15 பாகைக் காற்று, ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 12.8 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஈரப்பதன் 85 வீதமாக இருந்தால், இன்னும் 2 கிராம் வாங்கக்கூட இடமில்லை. 30 பாகையில், 75 வீத ஈரப்பதனிலும், அதே கன மீற்றர் இன்னும் 7 கிராமுக்கு மேல் வாங்கும். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ துவாய் அரை நாளில் காய்வது இதனால்தான். இப்போது இந்த அறைக்கு வருவோம். அறையின் கொள்ளளவு சுமார் 30 கன மீற்றர். உள்ளேயுள்ள காற்று முழுவதும் சேர்ந்து 60 கிராம் அளவுக்குத்தான் ஈரத்தை வாங்கும். கயிற்றில் தொங்கிய 12 துவாய்களில் இருந்த தண்ணீரோ பல கிலோ. கையால் பிழிந்த ஒரு தடித்த துவாய் 1,150 கிராம் நிறுத்தது, அதில் பாதிக்கு மேல் தண்ணீர். காற்று மாறாத அறையில் அது இரண்டு மூன்று நாள் ஈரமாகவே தொங்கியதில் ஆச்சரியம் இல்லை.

தாளைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் அப்புறம் சொன்னதுதான் இந்த வேலையின் திருப்பம். “இது கொழுந்து வாட்டுறது மாதிரிதான் மிஸ். மெல்லிசாப் பரப்பி, காத்தக் கீழருந்து விடணும். சூடு கொஞ்சம் போதும், காத்து ஓடணும்.” தொழிற்சாலையில் உலர் வெப்பமானி ஒன்றும், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று (குறைந்தால் காற்றில் ஈரம் அதிகம்) பார்த்துத்தான் காற்றைச் சூடாக்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். அதற்குப் பிறகு அவருக்கு நான் விளக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மின் உலர்த்தி வாங்கலாமா என்பதுதான் முதலில் எழுந்த பேச்சு. வேண்டாம் என்று முடிவானது. ஒரு தடவை ஓட்ட 3, 4 அலகு மின்சாரம் போகும். 2022இலும் 2023இலும் கட்டணம் அடுத்தடுத்து ஏறிய பிறகு சிறிய விடுதிக்கு இது கட்டுப்படியாகாது. இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெய் முழுதாகப் போகாத துவாய்களைச் சூடாக உலர்த்தி, சூட்டோடு அடுக்கிவைத்தால் அவை தானாகவே தீப்பற்றக்கூடும். எண்ணெய் தேய்த்துவிடும் இடங்களின் துவாய்களில் இது உண்மையாகவே நடந்திருக்கிறது.

ஆகவே மூன்று வேலைகள். துணிக்குள் சேர்ந்திருக்கும் எண்ணெயையும் தூளையும் சூட்டாலும் காரத்தாலும் ஒரு தடவை முழுதாக வெளியேற்றுவது. அதன் பிறகு ஈரமாக இருக்கும் நேரத்தைக் குறைப்பது. வைக்கும் இடத்தை மாற்றுவது.

குளோரின் வெளுப்பானைத் தவிர்த்தோம். நீலக்கோட்டுத் துவாய்கள் நிறமிழக்கும், தண்ணீர் போய்ச் சேரும் ஓடையோ கீழே உள்ள மரக்கறித் தோட்டங்களுக்குப் போகிறது. அதற்குப் பதிலாக சோடியம் பர்காபனேற்று என்ற ஒட்சிசன் வெளுப்புத் தூளைத் தேர்ந்தோம். தண்ணீரில் போட்டால் சலவைச் சோடாவாகவும் ஐதரசன் பேரொட்சைட்டாகவும் பிரியும். ஒன்று எண்ணெயைக் கழற்றும், மற்றது கிருமியைக் கொல்லும், கறையையும் வாடையையும் தாக்கும். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் மெதுவாகத்தான் வேலை செய்யும், 60 பாகைக்கு அருகில் நன்றாகச் செய்யும்.

இதைக் கேட்ட பாட்டி (வீட்டம்மாவின் தாயார்), “இதத்தான் அந்தக் காலத்துல வெள்ளாவி வைக்கிறதுன்னு செஞ்சாங்க. உவர்மண்ணுல தோச்சு ஆவியில வேக வச்சா எந்த வாடையும் நிக்காது” என்றார். கணக்குச் சரிதான். காரமும் சூடும் அதிலும் உண்டு.

முதல் கழுவல்

இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரத்தைத்தான் முதலில் கவனித்தோம். சுழலும் தட்டைக் கழற்றிப் பார்த்தபோது அடியில் பஞ்சும் தூளும் சேர்ந்து வழுவழுப்பாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டித் தேய்த்து, சூடான பர்காபனேற்றுக் கரைசலை நிரப்பி ஊறவைத்துக் கழுவினோம். இதைச் செய்யாமல் சுத்தமான துவாயை உள்ளே போடுவது வீண்வேலை.

துவாய்களை ஊறவைப்பது பெரிய பிளாஸ்டிக் தொட்டியில். விறகடுப்பில் தேயிலை மிளாறு (காய்ந்த குச்சி) எரித்துத் தண்ணீர் காய்ச்சினார்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும். மூன்று பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் 60ஐச் சற்றே தாண்டும். 20 லீற்றருக்கு 100 கிராம் தூள். துவாய்கள் தண்ணீரில் தாராளமாக மூழ்கியிருக்க வேண்டும். நெருக்கி அடைத்தால் நடுவில் இருப்பது தப்பித்துவிடும். தொட்டியை இறுக மூடக் கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும். கையுறை கட்டாயம்.

சற்று நேரத்தில் தண்ணீர் பழுப்பாகக் கலங்கி, மேலே சாம்பல் நிறப் பாடை படர்ந்தது. இதெல்லாம் ‘துவைத்த’ துவாய்கள் என்பதை வீட்டம்மாவால் நம்பவே முடியவில்லை. தண்ணீர் ஆறும்வரை விட்டு, பிறகு தூள் எதுவும் போடாமல் இயந்திரத்தில் ஓட்டி, நுரை நிற்கும்வரை அலசினோம். கடைசி அலசலில் கொஞ்சம் வினாகிரி. மிச்சமிருக்கும் காரத்தைத் தீர்க்க மட்டும்தான் அது. ஈரவாடைக்கு வினாகிரியே மருந்து என்று பலர் சொல்வதுண்டு. இலேசான வாடைக்குச் சரி, எண்ணெய் ஊறிய துவாய்க்கு அது போதாது என்பது என் கருத்து.

பையில் கட்டி முகரும் சோதனையை மறுபடி செய்தபோது, தடித்த 24இல் 15 தேறின. மீதி 9க்கும் இன்னொரு தடவை ஊறல். அதில் 5 தேறின. மீந்த 4இல் இழைகளுக்குள் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் ஏறியிருந்தது. அவற்றை வெட்டித் தரை துடைக்க எடுத்துக்கொண்டார்கள். மெல்லிய துவாய்கள் எல்லாமே முதல் தடவையிலேயே தேறின.

காயவைக்கும் கொட்டகை

சமையலறையின் பின்சுவரை ஒட்டி 8 அடிக்கு 10 அடியில் ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். கூரைக்கு ஒளி ஊடுருவும் தகடு. மலைநாட்டில் மரக்கறி வளர்க்கும் பொலித்தீன் கூடாரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. சாரல் படாத பக்கத்தில் தரையோடு ஓரடி உயரத்துக்கு வலை அடித்த திறப்பு. எதிர்ப்பக்கத்தில் கூரைக்குக் கீழே காற்றை வெளியே தள்ளும் சிறிய விசிறி. விறகடுப்பின் புகைக்குழாயைக் கொட்டகைக்குள்ளாக வளைத்து வெளியே விட்டார்கள். புகை உள்ளே வராது, குழாயின் சூடு மட்டும் வரும். குழாயைச் சுற்றிக் கம்பிக்கூடு அடித்து, எந்தத் துணியும் அதில் படாமல் பார்த்துக்கொண்டார்கள். கயிறுகளுக்கிடையில் ஒரு சாண் இடைவெளி.

வெளியே 15, 16 பாகை இருக்கும்போது உள்ளே 24, 25 வரை ஏறியது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 15 பாகையில் 2 கிராம் வாங்க முடியாத அதே காற்று, 25 பாகைக்குச் சூடானதும் 12 கிராம் வரை வாங்கும். வீட்டுக்காரர் இரண்டு வெப்பமானிகளைச் சுவரில் மாட்டி, ஒன்றுக்கு ஈரத்துணி சுற்றினார். வித்தியாசம் 3 பாகைக்குக் கீழே போனால் விசிறியைப் போடுவது, அதற்கும் ஏறாவிட்டால் அடுப்பில் இன்னும் நாலு மிளாறு. தங்கச்சிக்கு இது இப்போது அத்துபடி.

செலவில்லாமல் கிடைத்த பெரிய பலன் சுழற்சியில். முன்பு நாலைந்து துவாய்களை ஒன்றாகச் சுழல்தொட்டியில் திணிப்பார்கள். அது தடதடவென்று ஆட, ஒரு நிமிடத்தில் நிறுத்திவிட்டுக் கையால் பிழிவார்கள். இப்போது இரண்டிரண்டாக, சமநிலையாக வைத்து, ஐந்து நிமிடம். கையால் பிழிந்தபோது 1,150 கிராம் நிறுத்த துவாய் இப்போது 820 கிராமில் வெளியே வருகிறது. அந்த 330 கிராம் தண்ணீரைக் காற்றால் உலர்த்த எத்தனை மணித்தியாலம் போயிருக்கும் என்று யோசித்தால், கொட்டகையைவிட இதுதான் பெரிய விஷயம் என்றுகூடச் சொல்வேன்.

தூள் அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மென்மையாக்கும் திரவம் நின்றது. துவைக்கும் தண்ணீர் குறைந்தது 40 பாகை என்று வைத்துக்கொண்டார்கள். அலுமாரி சமையலறைப் பக்கத்து உட்சுவருக்கு மாறியது, பின்னால் இரண்டு அங்குல இடைவெளியோடு. உள்ளே பலகைக்குப் பதில் சட்டங்கள். 525 கிராமுக்கு மேல் நிறுக்கும் தடித்த துவாய் அலுமாரிக்குள் போகாது, கொட்டகைக்குத் திரும்பும்.

செப்டெம்பரில் திரும்பி வந்த வாடை

ஜூலையும் ஆகஸ்டும் முறைப்பாடு இல்லாமல் போனது. செப்டெம்பரில் தங்கச்சி தொலைபேசியில் அழைத்தார். சில துவாய்களில் மறுபடி அதே வாடை. காய்தல் சரி, நிறை சரி, கொட்டகையும் சரி. அப்படியானால் என்ன?

விருந்தினர் பயன்படுத்திய துவாய்கள் எங்கே கிடக்கின்றன என்று கேட்டேன். குளியலறை மூலையில். அங்கிருந்து பிளாஸ்டிக் கூடைக்கு. விடுதியில் ஆட்கள் குறைவாக இருந்ததால் விறகை மிச்சப்படுத்த இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் துவைத்தார்கள். அதாவது, துவைத்த பிறகு ஈரம் நிற்கும் நேரத்தைக் குறைத்திருந்தோம், துவைப்பதற்கு முன் ஒன்றரை நாள் ஈரத்தோடு குவியலாகக் கிடக்க விட்டிருந்தோம். வீட்டம்மாவுக்கு இது முதலில் விசித்திரமாகப் பட்டது. “அழுக்குத் துணியக் காயப்போடுறதா?” என்றார். ஆமாம், அதேதான். இப்போது அறையைக் காலி செய்ததும் பயன்படுத்திய துவாய்களை எடுத்துக் கொட்டகையின் ஒரு பக்கத்தில், அதற்கென்று ஒதுக்கிய கயிற்றில் விரித்துப் போடுகிறார்கள். கூடையைக் கம்பிக்கூடையாக மாற்றினார்கள். குளியலறைகளில் ஒற்றைக் கொக்கிக்குப் பதில் நீளமான தடி மாட்டினார்கள். கொக்கியில் தொங்கும் துவாய் மடிப்போடே புழுங்கும். தடியில் விரித்தால் விருந்தினர் இரண்டாம் நாளும் அதே துவாயைக் கேட்கிறார், ஒரு துவைப்பும் மிச்சம்.

வாடை வந்த துவாய்கள் ஒரு சூடான ஊறலோடு சரியாயின.

இப்போதைய நிலை

டிசம்பரில் பருவம் தொடங்கும்போது 32 துவாய்கள் நல்ல நிலையில் இருந்தன. நெருக்கடியான நாட்களில் போதவில்லை, புதிதாக வாங்க வேண்டியிருந்தது. இந்த முறை சதுர மீற்றருக்கு 400 கிராம் வகையை வாங்கினார்கள். பழைய தடித்தவை 600 வகை. தடித்த துவாய்தான் ‘ஹொட்டல் தரம்’ என்ற எண்ணத்தை விட வீட்டம்மாவுக்கு மனமே வரவில்லை. பாட்டிதான் முடித்துவைத்தார்: “எங்க லயத்து வீட்டுல துவாயே கெடையாது. ஒரு மெல்லிசுத் துண்டு. அடுப்புக்கு மேல கம்பியில போட்டா விடியறதுக்குள்ள காஞ்சிரும்.” புதியவை கொட்டகையில் காலையில் போட்டால் பின்னேரம் நாலு மணிக்குள் காய்கின்றன. தடித்தவை மறுநாள் காலைவரை எடுக்கின்றன.

ஊறவைக்கும் வேலையை நிரந்தரமாக்கவில்லை. பருவத்தின்போது மாதம் ஒருமுறையும், மழைக்காலத்தில் முகர்ந்து பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். அடிக்கடி செய்தால் இழை சீக்கிரம் தேயும். எண்ணெய்க் கறை வெளிப்படையாகத் தெரியும் துவாய்களை மட்டும் தனியே எடுத்து, சன்லைட் சவர்க்காரம் தேய்த்துச் சூடான தண்ணீரில் ஊறவிட்டுப் பிறகு மற்றவற்றோடு சேர்க்கிறார்கள்.

மாற்ற வேண்டியவை

இதே நிலையில் இன்னொரு வீடு இருந்தால் வேலைகளின் வரிசையை மாற்றச் சொல்வேன். இங்கே ஊறல் முதலில் நடந்தது, கொட்டகை அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் முடிந்தது. இடைப்பட்ட நாட்களில் சுத்தமான துவாய்கள் பழைய சாத்திய அறையிலேயே காய்ந்தன, அவற்றில் சில புளிக்கத் தொடங்கி இரண்டாவது ஊறலுக்குப் போயின. விறகும் தூளும் வீண். காயும் இடத்தைச் சரிசெய்த பிறகு ஊறவைப்பதே நல்லது. கொட்டகை கட்ட வசதியில்லாதவர்கள் சுழற்சியை நீட்டுவதையும், சன்னலைத் திறந்து ஒரு விசிறி வைப்பதையும் முதல் நாளே தொடங்கலாம். அதற்குக் காசு அதிகம் வேண்டாம்.

தராசும் முதல் நாளிலேயே வர வேண்டும். மூக்கு பழகிவிடும், கை குளிரில் ஏமாறும், தராசு இரண்டும் செய்யாது.

இன்னும் தீராதது ஏழாம் இலக்க அறை. அதன் குளியலறைக்குச் சன்னலே இல்லை. மற்ற அறைகளில் விருந்தினர் தடியில் விரிக்கும் துவாய் ஓரளவு காய்கிறது, அங்கே காய்வதில்லை. சுவரைத் துளைத்து விசிறி வைக்கலாம் என்றால், அது கருங்கல் சுவர், மேஸ்திரி கேட்கும் கூலி அதிகம். இப்போதைக்கு அந்த அறைக்கு மட்டும் மெல்லிய நீலக்கோட்டுத் துவாய்களைக் கொடுத்து, அங்கே தங்குகிறவர்களுக்குத் தினமும் மாற்றிக்கொடுக்கிறார்கள். வெசாக் முடிந்து அறைகள் காலியானதும் துளைப்பதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.